காட்டுச் சுவர்க்கோழி கப்பலில் வந்ததா?

கேள்வி, 3 மே 2025
"ரியூனியனில் (மடகாஸ்கருக்குக் கிழக்கே உள்ள பிரெஞ்சுத் தீவு) ராத்திரி கத்துகிற சுவர்க்கோழி எல்லாம், நம் ஆட்கள் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறியபோது அரிசி மூட்டையோடு வந்தவைதான் என்று என் பெரியப்பா அடித்துச் சொல்கிறார். 1860க்குப் பிறகு வந்து இறங்கிய பூச்சி எப்படி 'இந்தத் தீவுக்கே உரியது' ஆகும்? காட்டுக்குள் பலகையில் எழுதி வைத்திருப்பது வெறும் பெருமைதானே?"

3 மே, இரவு
பெரியப்பா சொன்னதில் பாதி சரி. அடுப்படி மூலையில், தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் இருந்து கத்துமே, அந்தச் சாதி மனிதனோடு சேர்ந்து ஊர் ஊராகப் போனது. மூட்டை, பாய், விறகு எதில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தாலும் ஆச்சரியமில்லை. காரைக்காலில் எங்கள் வீட்டுக் கொல்லையில் கேட்டதற்கும் இங்கே சேன்-தாந்த்ரேயில் கேட்பதற்கும் என் காதுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

காடு வேறு கதை. தீவுக் காடுகளில் வாழும் சுவர்க்கோழிகளில் நிறைய வகை பறக்கும் சக்தியை இழந்தவை. வேறெங்கும் இல்லாத ஒரு சிற்றினம் உருவாக 160 வருடமெல்லாம் போதாது. நம் தீவு கடலுக்கு மேல் தலை காட்டி ஏறக்குறைய 30 லட்சம் வருடம் ஆகிறது, மொரீசியஸ் ஏறக்குறைய 80 லட்சம். கணக்கை அங்கிருந்து தொடங்க வேண்டும்.

பறக்காத பூச்சி எப்படி வந்தது என்றுதானே அடுத்த கேள்வி? பிப்ரவரி கடைசியில் காரன்ஸ் புயல் அடித்ததே, ஆற்று முகத்துவாரத்தில் போய்ப் பார்த்தீர்களா? வேரோடு பிடுங்கின மரங்கள் கடலுக்குள் போய்க்கொண்டிருந்தன. சுவர்க்கோழிப் பெண்ணுக்கு வாலில் ஊசி மாதிரி ஓர் உறுப்பு உண்டு. அதை மண்ணிலோ பட்டையிலோ தண்டிலோ குத்தி முட்டையிடும். முட்டை உள்ள மரம் மிதந்து போனால் போதும். மடகாஸ்கர் 700 கிலோமீட்டர், மொரீசியஸ் சுமார் 200. 2007இல் கமேட் புயலின்போது இங்கே கொமெர்சன் எரிமலைவாய்ப் பக்கம் 72 மணி நேரத்தில் 3,930 மில்லிமீட்டர் மழை கொட்டியது, உலக சாதனை அது. இப்படிப்பட்ட புயல் எத்தனையோ ஆயிரம் அடித்திருக்கும். அதில் ஒன்றிரண்டு மரம் சரியான கரையில் ஒதுங்கினால் போதும்.

3 மே, கொஞ்சம் கழித்து
பெரியப்பாவுக்கு ஆறுதலாக ஒன்று. இந்தத் தீவை உருவாக்கிய எரிமலைக் குழம்பின் ஊற்று இருக்கிறதே, 6.6 கோடி வருடத்துக்கு முன்னால் தக்காணப் பீடபூமியின் கருங்கல் பாறையைக் கொட்டியதும் அதே ஊற்றுதான். அப்புறம் இந்தியா வடக்கே நகர, லட்சத்தீவு, மாலத்தீவு வரிசை, மொரீசியஸ், கடைசியில் நாம். இந்தியத் தொடர்பு வேண்டும் என்றால் பூச்சியை விட்டுவிட்டுப் பாறையைப் பிடிக்கச் சொல்லுங்கள்.

5 மே
நிறைய பேர் "சரி, ஒரு மரம் ஒதுங்கியது, ஒரு சிற்றினம் வந்தது. ஒன்று எப்படிப் பல ஆனது?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு ரியூனியனை விட்டுவிட்டு ஹவாய்க்குப் போக வேண்டும். அங்கேதான் நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள்.

டேனியல் ஓட் என்ற பூச்சியியலாளர் 1994இல் ஹவாய்ச் சுவர்க்கோழிகள் எல்லாவற்றையும் தொகுத்துப் புத்தகம் போட்டார். வந்து சேர்ந்த மூதாதைகள் ஒரு கைவிரலுக்குள் அடங்கும். அவற்றிலிருந்து கிளைத்தவை இருநூறைத் தாண்டும். அதில் லாவ்பாலா என்று ஒரு பேரினம். ஒரு சென்டிமீட்டர் அளவு, பழுப்பு நிறம், ஈரக் காட்டில் சருகுக்கு அடியில் வாழ்க்கை, பகலிலும் பாட்டு. பறக்காது. ஆணுக்கு முன்னிறக்கை மட்டும் மிச்சம், அதுவும் பாட மட்டும்தான். இந்தப் பேரினத்தில் 38 சிற்றினங்கள்.

வேடிக்கை என்னவென்றால் 38ஐயும் மேசையில் வரிசையாக வைத்தால் பிரித்துச் சொல்வது மகா கஷ்டம். எல்லாம் ஒரே உருவம், ஏறக்குறைய ஒரே தீனி. பாடச் சொன்னால்தான் வேறுபாடு வெளியே வரும். பாட்டு என்றால் ராகம் தாளம் எல்லாம் இல்லை, ஒரே துடிப்பு திரும்பத் திரும்ப. ஒரு சிற்றினம் நொடிக்கு ஒரு துடிப்புக்கும் குறைவு, இன்னொன்று நொடிக்கு நாலுக்குப் பக்கம். ஒரே மலைச்சரிவில் நாலு சிற்றினம் வரை சேர்ந்து வாழும் இடங்கள் உண்டு. அங்கேயும் ஒன்றின் வேகம் மற்றதோடு மோதாது.

ஹவாய்த் தீவுகள் வரிசையாக முளைத்தவை. வடமேற்கே கவாய் சுமார் 50 லட்சம் வருடம், தென்கிழக்கே பெரிய தீவுக்கு 5 லட்சம் கூட ஆகவில்லை. மரபணுவை வைத்து லாவ்பாலாவின் வம்சாவளியைப் போட்டால் பழைய தீவிலிருந்து புதிய தீவுக்கு ஒவ்வொரு படியாக இறங்கி வந்திருப்பது தெரிகிறது. ஒவ்வொரு தீவிலும் இறங்கிய பிறகு அங்கேயே மறுபடி கிளைத்திருக்கிறது. 2005இல் டாம்ரா மெண்டல்சன், கெரி ஷா என்ற ஆராய்ச்சியாளர்கள் கணக்குப் போட்டார்கள்: பெரிய தீவின் லாவ்பாலாக் கிளையில் பத்து லட்சம் வருடத்துக்கு 4.17 புதுச் சிற்றினம். பூச்சி, சிலந்தி, நண்டு வகையறாவில் அதுவரை அளந்ததில் இதுதான் உச்சம்.

இந்த 4.17ஐ எடுத்து ரியூனியனின் 30 லட்சத்தால் பெருக்கி யாரும் இங்கே பதிவு போட வேண்டாம். (போடுவீர்கள் என்று தெரியும்.)

6 மே
போட்டுவிட்டார்கள். பன்னிரண்டரைச் சிற்றினமாம். அந்த அரைச் சிற்றினத்தை எனக்கு அனுப்பி வையுங்கள் தம்பி, வளர்க்கிறேன்.

6 மே, மாலை
டர்பன் அக்கா கேட்டது நல்ல கேள்வி: "கலாபகோஸ் குருவிக்கு அலகு மாறியது, ஏனென்றால் தீனி வேறு. இந்தப் பூச்சிக்கு என்ன தேவை வந்தது?"

ஒரு தேவையும் வரவில்லை, அக்கா. அதுதான் என்னைப் பல நாள் தூங்கவிடாமல் செய்த விஷயம். பள்ளிக்கூடத்தில் பரிணாமம் நடத்தும்போது நாங்கள் எப்போதும் தேவை, சூழல், தகவமைப்பு என்றே போவோம். கொலேஜ் (இங்கே நடுநிலைப் பள்ளி) பாடப் புத்தகமும் அப்படித்தான். லாவ்பாலா அந்தச் சட்டத்துக்குள் உட்காரவே மாட்டேன் என்கிறது. சருகுக்கு அடியில் மெதுவாகப் பாடுகிறவனுக்கும் வேகமாகப் பாடுகிறவனுக்கும் வயிற்றுப்பாட்டில் ஒரு வித்தியாசமும் இல்லை. முடிவெடுப்பது பெண்ணின் காது.

காது முன்னங்காலில், முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே. அந்தக் காதுக்குப் பிடித்த வேகம் ஒன்று உண்டு, அந்த வேகம் வருகிற பக்கம் நடப்பாள். ஒரு சின்னக் கூட்டம் ஒரு பள்ளத்தில் தனியே மாட்டிக்கொண்டு, அங்கே பெண்களின் விருப்பம் கொஞ்சம் நகர்ந்தால், ஆண்களின் வேகமும் பின்னாலேயே நகரும். ஷாவின் குழு இரண்டு சிற்றினங்களைக் கலந்து மரபணுவைத் தேடியபோது, பாட்டின் வேகத்தைப் பெரிய மரபணு ஒன்று ஒரே தட்டாக மாற்றவில்லை. கொஞ்சம் கொஞ்சம் மாற்றும் பல மரபணுக்கள் வேலை செய்கின்றன என்று தெரிந்தது. அதைவிடப் பெரிய சங்கதி, ஆணின் வேகத்தை மாற்றும் இடமும் பெண்ணின் விருப்பத்தை மாற்றும் இடமும் குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்தில், சில இடங்களில் ஒரே இடத்தில் கிடக்கின்றன. பாடுகிறவனும் கேட்கிறவளும் ஒன்றாக நகர இது வசதி.

9 மே
பிளேன் தே பால்மிஸ்திலிருந்து ஒன்று, வீட்டுப் பக்கத்திலிருந்து ஒன்று என்று இரண்டு ஒலிப்பதிவு அனுப்பிய தம்பிக்கு. மேலே பதிவானது மெதுவாக இருக்கிறது, உண்மை. "புதுச் சிற்றினம்!" என்று எழுதும் முன் அங்கே எத்தனை டிகிரி என்று பார்த்தீர்களா? பால்மிஸ்த் ஆயிரம் மீட்டர் உயரம். கடற்கரையைவிட ஆறேழு டிகிரி குளிர். பூச்சியின் தசைக்கு வெப்பம் குறைந்தால் இறக்கை அசைவும் மந்தமாகும். 1897இலேயே டால்பியர் என்ற அமெரிக்க இயற்பியல்காரர் சுவர்க்கோழிக் கத்தலை எண்ணி வெப்பநிலை சொல்லச் சூத்திரம் போட்டுவிட்டார்.

அதனால்தான் ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லாவற்றையும் ஒரே வெப்பநிலையில் வைத்துப் பாட வைக்கிறார்கள். பெண்ணின் காது குளிரில் என்ன செய்யும் என்று கேட்காதீர்கள், அதற்கும் பதில் இருக்கிறது: பல சுவர்க்கோழிகளில் அவளுடைய விருப்பமும் வெப்பத்தோடு சேர்ந்தே ஏறி இறங்கும். குளிரில் இரண்டு பேருக்குமே மெதுவான பாட்டு.

பதிவுக்கு நன்றி. இரண்டாவதில் பின்னால் தவில் கேட்கிறதே, எந்தக் கோயில்?

11 மே
மூன்று நாளாக இங்கே நடக்கும் சண்டையைப் படித்தேன். ஒருவர் சொல்வது: "கூண்டில் விட்டால் இரண்டு லாவ்பாலாச் சிற்றினமும் சேர்ந்து குட்டி போடுமாம், அந்தக் குட்டிக்கும் குட்டி பிறக்குமாம். அப்புறம் என்ன வேறு சிற்றினம்?" மற்றவர் சொல்வது: "காட்டில் சேர்வதில்லை, அது போதும்."

நான் இரண்டாமவர் கட்சி, ஆனால் கொஞ்சம் தயக்கத்தோடு. ஆராய்ச்சியாளர்களால் கலப்பு மரபணுச் சோதனை நடத்த முடிந்ததே கலப்பில் பிறந்தவை வளமாக இருந்ததால்தான். முட்டையும் விந்தும் இன்னும் ஒத்துப்போகின்றன, ஒத்துப்போகாதது ரசனை. குதிரையும் கழுதையும் சேர்ந்து மலட்டுக் கோவேறு கழுதை பிறப்பதைப் படித்து வளர்ந்த நமக்கு, ரசனையால் மட்டும் ஒரு சிற்றினம் நிற்கும் என்பது கொஞ்சம் உதைக்கத்தான் செய்யும்.

தயக்கம் எங்கே என்றால்: ஓட் பல சிற்றினங்களைப் பிரித்ததே பாட்டை வைத்து. பாட்டால் பிரித்துவிட்டு, "பாருங்கள், பாட்டால்தான் பிரிந்திருக்கின்றன" என்றால் வட்டம் போட்ட மாதிரி ஆகாதா? இதைக் கேட்ட நண்பர் கெட்டிக்காரர். பதில், பின்னால் மரபணுவை வைத்துத் தனியாகச் சோதித்தபோது அந்தப் பிரிவுகள் பெரும்பாலும் தேறின. கலந்துபோன தடயங்களும் அங்கங்கே இருந்தன. தாய் வழியாக மட்டும் வரும் மரபணு ஒரு வம்சாவளி சொல்ல, செல்லின் உட்கருவில் உள்ள மரபணு வேறு வம்சாவளி சொல்கிறது. பழைய காலத்தில் எல்லை தாண்டிச் சம்பந்தம் நடந்திருக்கிறது என்பதுதான் அதற்குப் பொருத்தமான விளக்கம்.

பாட்டு மட்டும்தானா என்பதும் சந்தேகமே. இவற்றின் தோலில் மெழுகு போன்ற பூச்சு உண்டு, அதன் வேதிக் கலவையும் சிற்றினத்துக்குச் சிற்றினம் மாறுகிறது. பக்கத்தில் வந்த பிறகு உணர்கொம்பால் தடவிப் பார்த்துக்கொள்ளும். தூரத்தில் காது, கிட்டத்தில் வாசனை. முந்தைய குறிப்பில் நான் முழுப் பொறுப்பையும் காதுமேல் போட்டது கொஞ்சம் அதிகம் என்று இப்போது படுகிறது.

12 மே
"இறக்கையில் என்ன இருக்கிறது, எப்படிச் சத்தம்?" என்று ஒரு பிள்ளை கேட்டிருக்கிறது. ஓர் இறக்கையின் அடிப்பக்கம் வரிசையாகப் பல், மற்றதன் விளிம்பு கூர்மை. சீப்பின் பல்லில் நகத்தை ஓட்டிப் பார், அதுதான். சீப்பை மேசைமேல் அழுத்திக்கொண்டு ஓட்டினால் மேசையே பாடும். இறக்கையில் மெல்லிய கண்ணாடி மாதிரி ஒரு பகுதி அந்த மேசை வேலையைச் செய்கிறது.

17 மே
எல்லாம் ஹவாய், நம் தீவில் ஒன்றும் இல்லையா என்று மொரீசியஸ் அண்ணன் குத்திக் காட்டியிருக்கிறார். இருக்கிறது அண்ணே. பாடாத ஒன்று.

ஆங்கிரேக்கம் என்ற ஆர்கிட் வகை மடகாஸ்கர் பக்கம் பெருகியது. நீளமான தேன்குழல், வெள்ளை நிறம், இரவில் மணம், நீண்ட நாக்குள்ள அந்துப்பூச்சிக்கென்றே அமைந்தவை பல. டார்வின் ஒரு அடி நீளக் குழலைப் பார்த்துவிட்டு, அவ்வளவு நீள நாக்குள்ள அந்துப்பூச்சி இருந்தே தீரும் என்று சொன்னது இதே வகையில் ஒன்றைப் பார்த்துத்தான்.

மஸ்கரீன் தீவுகளில் (ரியூனியன், மொரீசியஸ், ரோட்ரிக்ஸ்) இதே வகையின் ஒரு சின்னக் கிளை, குழல் குட்டையானது. ரியூனியனில் அந்தக் கிளையின் இரண்டு சிற்றினங்களுக்கு மகரந்தம் கடத்துவது நம் வெள்ளைக்கண்ணிக் குருவிகள், அதாவது இங்கே எல்லாரும் சொல்லும் சுவாசோ பிளான், சுவாசோ வேர். மூன்றாவது, ஆங்கிரேக்கம் கடேட்டி. பகலெல்லாம் பார்த்தும் ஒரு குருவியும் வரவில்லை, ஆனால் காய் நன்றாகப் பிடிக்கிறது. கிளேர் மிஷ்னோ, ஜாக் ஃபூர்னெல் என்ற ஆராய்ச்சியாளர்கள் இரவில் கேமரா வைத்தார்கள். 2008இல் அதில் விழுந்தது ஒரு சுவர்க்கோழிச் சாதி. உடலைவிடப் பல மடங்கு நீண்ட உணர்கொம்பை ஆட்டிக்கொண்டு, செடியில் ஏறி, தலையைப் பூவுக்குள் விட்டுத் தேன் குடித்து, வெளியே வரும்போது தலையில் மகரந்தக் கட்டி. அடுத்த பூவில் அதை இறக்கிவிடுகிறது. பூவாய்க்கும் அதன் தலைக்கும் அளவெடுத்த பொருத்தம்.

வெட்டுக்கிளி, சுவர்க்கோழி வம்சம் என்றால் பூவைக் கடித்துத் தின்னும் என்றுதான் பேர். அந்த வம்சத்திலிருந்து ஒழுங்காக மகரந்தம் கடத்துகிற ஒன்று தெளிவாகப் பதிவானது அதுவே முதல் தடவை. 2010இல் அதற்குப் பெயரும் வைத்தார்கள்: குளோமரெமஸ் ஆர்கிடோஃபிலஸ்.

பத்திரிகையில் இந்தச் செய்தி வந்த சமயம் எனக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. நண்பர்களோடு மலையில் தங்கும்போதெல்லாம் டார்ச்சுக்குச் சிவப்புத் தாள் சுற்றிக்கொண்டு மரத்தடிகளில் நிற்பேன். ஆர்கிட் பார்த்தேன், நத்தை பார்த்தேன், எலி நிறையப் பார்த்தேன். அந்தப் பூச்சி கண்ணில் படவில்லை. என் மனைவி, "அதற்கும் ஒரு மரியாதை இருக்கும், முகத்தில் விளக்கடித்தால் வருமா?" என்றாள்.

18 மே
ஆமாம், ஆமாம். பூச்சியியல் படித்தவர் ஒருவர் சரியாகப் பிடித்துவிட்டார்: குளோமரெமஸ் அசல் சுவர்க்கோழிக் குடும்பம் இல்லை, கிரில்லாக்ரிடிடே என்ற ஒன்றுவிட்ட குடும்பம். நான் "சாதி" என்று மழுப்பியது அதனால்தான். வாயிலிருந்து பட்டு நூல் விட்டு இலையை மடித்து வீடு கட்டுகிற குடும்பம் அது. பகலெல்லாம் அதற்குள் தூக்கம்.

ஆனால் இந்த உரையாடலின் கேள்விக்கு இது இன்னும் பொருந்தும். லாவ்பாலாவில் ரசனை மாறிப் பிளவு வந்தது, தீனி மாறவில்லை. இங்கே தலைகீழ்: புதுத் தீனி, புது வேலை. நீண்ட நாக்கு அந்துப்பூச்சியை நம்பிப் பிழைத்த வம்சத்தின் பூவும், பூவைத் தின்பதற்கே பேர்போன வம்சத்தின் பூச்சியும் ஒரு தீவில் வந்து கூட்டாளி ஆகியிருக்கின்றன. பெருநிலத்தில் இந்த வேலைக்கு நூறு பேர் போட்டி போடுவார்கள். தீவில் வந்து சேர்ந்த சொற்பப் பேருக்குள்தான் எல்லா வேலையும் பங்காகும். டர்பன் அக்காவுக்கு நான் "ஒரு தேவையும் இல்லை" என்று சொன்னது ஹவாயின் அந்த ஒரு பேரினத்துக்குத்தான், எல்லாத் தீவுக்கும் அல்ல.

24 மே
"பரிணாமம் என்றால் கோடி வருடம், கண்ணால் யார் பார்த்தது?" இது வருடத்துக்கு ஒரு தடவை யாராவது கேட்பது. இதற்கும் ஒரு சுவர்க்கோழி உண்டு, மறுபடி ஹவாய். ஆனால் லாவ்பாலா அல்ல, வெளியிலிருந்து வந்து சேர்ந்த வயல் சுவர்க்கோழி.

அங்கே வட அமெரிக்காவிலிருந்து வந்த ஓர் ஈ, ஓர்மியா. ஆண் பாடுவதைக் கேட்டு வந்து அவன்மேல் புழுக்களைப் போடும். புழு உள்ளே போய் அவனைத் தின்று வளரும். பாடினால் சாவு, பாடாவிட்டால் துணை இல்லை. கவாய் தீவில் 2003இல் மார்லீன் ஸூக் என்ற உயிரியலாளர் போனபோது வயல் முழுக்கச் சுவர்க்கோழி, சத்தம் மட்டும் இல்லை. பிடித்துப் பார்த்தால் பத்தில் ஒன்பது ஆணுக்கு மேல் இறக்கையில் அந்தப் பல், கண்ணாடி எல்லாம் அழிந்து பெண் இறக்கை போல் தட்டையாகிவிட்டது. இருபது தலைமுறைக்குள் நடந்தது. பாடத் தெரியாதவர்கள் மிச்சமிருக்கும் பாடகர்களைச் சுற்றி நின்றுகொண்டு, அவர்களைத் தேடி வரும் பெண்களை வழிமறிக்கிறார்கள். பக்கத்து ஒவாஹூ தீவிலும் பிறகு ஊமைகள் கிளம்பின. அது கவாயிலிருந்து போனது என்று நினைத்தால், இல்லை, வேறொரு மரபணு மாற்றம்; தனியாகவே நடந்திருக்கிறது.

இது புதுச் சிற்றினம் அல்ல, தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள். ஒரு குணம் பரவிய வேகம் மட்டுமே.

25 மே
நேற்று மகனோடு கிரான் ப்ரூலே எரிமலைச் சரிவுக்குப் போய்வந்தேன். 2007இல் சாலையை அறுத்துக்கொண்டு கடலில் விழுந்த குழம்பின்மேல் இப்போது சாம்பல் நிறப் பாசிக்காளான் போர்த்தியிருக்கிறது, விரிசல்களில் பெரணி. பழைய குழம்புகளுக்கு நடுவே காட்டுத் துண்டுகள் தப்பி நிற்கின்றன. இந்தத் துண்டுகளைப் பார்த்தால்தான் நான் இவ்வளவு நாள் சொல்ல வந்தது புரியும். சுவர்க்கோழிக்குத் தனிமை என்றால் 700 கிலோமீட்டர் கடல் வேண்டியதில்லை. பறக்கத் தெரியாத, ஒரு சென்டிமீட்டர் உடம்புக்கு நூறு மீட்டர் சூடான கருங்கல்லே கடல். கடல் ஒரு தடவை பிரிக்கிறது. எரிமலையும் பள்ளத்தாக்கும் ஓயாமல் பிரித்துக்கொண்டே இருக்கின்றன. பெருநிலத்திலிருந்து தொலைவாக இருப்பதால் தீவில் சிற்றினங்கள் பெருகுகின்றன என்று சொல்வது பாதிதான். தொலைவு போட்டியாளர்களை வெளியே நிறுத்துகிறது. உள்ளே வெட்டுகிறது நிலம்.

அந்தக் கருங்கல்லும் காலி இல்லை என்பதுதான் கூத்து. ஹவாயில் கிலாவேயா எரிமலையின் குழம்பு ஆறினவுடன், ஒரு செடி முளைக்கும் முன்னால் குடியேறுகிற சுவர்க்கோழி ஒன்று உண்டு, ககோனெமோபியஸ். காற்று கொண்டுவந்து போடும் குப்பைதான் சாப்பாடு. செடி வளரத் தொடங்கினால் இடத்தைக் காலி செய்துவிடும். அதன் உறவினரில் ஒன்று கடற்கரைப் பாறையில், இன்னும் சில எரிமலைக் குகை இருட்டில், கண் சிறுத்து, நிறம் வெளுத்து. ஃபிராங்க் ஹோவார்த் என்ற பூச்சியியலாளர் 1970களில் அந்தக் குகைகளுக்குள் நுழையும்வரை, இவ்வளவு இளம் தீவில் குகைப் பூச்சிகள் உருவாகியிருக்கும் என்று பெரும்பாலோர் எதிர்பார்க்கவில்லை.

நேற்று நாங்கள் ஒரு சுவர்க்கோழியையும் பார்க்கவில்லை. ஆங்கிலத்தில் சுவர்க்கோழிக்கும் கிரிக்கெட் என்றுதானே பேர், மகன் போனில் விளையாடியது இன்னொரு கிரிக்கெட்.

31 மே
பெரியப்பாவே நேரில் வந்து எழுதியிருக்கிறார், வணக்கம் ஐயா. "என் வீட்டுச் சுவர்க்கோழி எங்கிருந்து வந்தது என்று சொல், போதும்" என்கிறீர்கள். வீட்டுக்குள் இருப்பது என்றால் உங்கள் கட்சியே ஜெயிக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. வீட்டுக்குப் பின்னால் ஏலக்காய்ச் செடிக்கு அடியில் சின்னதாக ஒன்று என்று சொன்னீர்களே, அதைப் பதிவு செய்து அனுப்புங்கள். கூடவே மணி, வெப்பநிலை, கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம், மூன்றும் வேண்டும். போனைத் தரையோடு வையுங்கள், கையில் பிடிக்காதீர்கள்.

பாட்டிலில் பிடித்து அனுப்பட்டுமா என்று கேட்ட மற்றவருக்கு: தேசியப் பூங்காவின் மையப் பகுதியில் ஒரு புழுவைக்கூட எடுக்கக் கூடாது, சட்டம். உங்கள் தோட்டத்தில் பிடித்தால் உங்கள் இஷ்டம். எனக்குத் தபாலில் அனுப்ப வேண்டாம். மனைவி கவரைப் பிரித்துவிடுவாள்.